பூப்போட்ட பாவாடையும் ஒரு பேரரசும்

பிரான்ஸ் ராஜா பதினான்காம் லூயி தன்னைச் சூரியன் என்று நினைத்துக்கொண்டவர். ஊரும் அப்படியே சொல்லிற்று. மாற்றிச் சொல்ல யாருக்குத் துணிச்சல்? வெர்சாய் அரண்மனையில் அவர் கண் விழிப்பதைப் பார்க்கக் காலையிலேயே பிரபுக்கள் வரிசையில் நிற்பார்கள். சட்டையை எடுத்து நீட்டும் பாக்கியம் யாருக்கு என்று அடிதடி நடக்காத குறை. ஐரோப்பாவிலேயே பெரிய படை அவருடையது. டச்சுக்காரர்களோடு மோதினார், ஸ்பெயினோடு மோதினார். 1686 அக்டோபர் 26 அன்று அவருடைய ஆலோசனை சபை புதிதாக ஓர் எதிரியைக் கண்டுபிடித்தது. சீட்டித் துணி.

ஆமாம், நம் பாட்டிமார் பாவாடை தைத்துக்கொண்ட அதே பூப்போட்ட பருத்தித் துணிதான். சோழமண்டலக் கரையில் ஏற்றி அனுப்பியது. இனி அது பிரான்சுக்குள் வரக் கூடாது. உள்ளூரிலும் யாரும் துணியில் பூ அச்சடிக்கக் கூடாது. அச்சுக் கட்டைகளை உடைத்தெறிய வேண்டும். இந்தத் தடை 73 வருஷம் நீடித்தது. அதற்குள் மூன்று தலைமுறைப் பெண்கள் பூப்போட்ட துணி உடுத்தி, அது கிழிந்து, புதிதாக வாங்கியும் உடுத்திவிட்டார்கள்.

அந்தத் துணியில் அப்படி என்ன மயக்கம்? அதுவரை ஐரோப்பாவில் நடுத்தரக் குடும்பம் கட்டியது கம்பளி அல்லது லினன். கம்பளி குளிருக்கு நல்லதுதான், ஆனால் துவைப்பது பெரும்பாடு. பட்டு அழகு, ஆனால் அது பணக்காரன் சொத்து. துணியில் அவர்கள் தீட்டிய சாயமோ முதல் துவையலோடு ஆற்றோடு போகும். அந்த நேரத்தில் கப்பலில் வந்து இறங்கியது இது. சிவப்பு சிவப்பாகவே இருக்கிறது. பத்துத் தடவை அலசினாலும் பூ உதிரவில்லை. விலையும் கைக்கு எட்டுகிறது. சமையல்காரியும் சீமாட்டியும் ஒரே மாதிரி பூப்போட்ட பாவாடையில் தெருவில் எதிரெதிரே வரும் அசம்பாவிதம் அப்போதுதான் முதன்முதலாக நடந்தது. சீமாட்டிகள் மூர்ச்சை போடாதது ஆச்சரியம். 1670-இல் மோலியேர் எழுதிய ‘பூர்ஷ்வா கனவான்’ நாடகத்தில் திடீர்ப் பணக்காரர் ஜூர்தேன் தன்னுடைய இந்தியத் துணி மேலங்கியைக் காட்டிப் பெருமையடித்துக்கொள்வார். பெரிய மனிதர்கள் காலையில் இதைத்தான் போடுகிறார்களாம், தையல்காரர் சொன்னாராம்.

ரகசியம் நம் சாயக்காரர்கள் கையில் இருந்தது. துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் ஊறவைப்பது, படிகாரத்தால் கோலமிடுவது, சாயவேரோடு கொதிக்கவிட்டால் படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் சிவப்பு கெட்டியாகப் பிடித்துக்கொள்வது, நீலம் வேண்டாத இடங்களைத் தேன்மெழுகால் மூடிவிட்டு அவுரித் தொட்டியில் முக்குவது. ஒரு துணிக்கு வாரக்கணக்கில் வேலை. பாரிஸின் பெரிய ரசாயன மேதைகளுக்கு இது விளங்கவே இல்லை.

விளங்காததைத் தடை செய்வது அரசாங்கங்களின் பழைய வழக்கம். இங்கே அதோடு சங்கங்களின் ஒப்பாரியும் சேர்ந்துகொண்டது. கம்பளிக்காரர் சங்கம், பட்டுக்காரர் சங்கம், லினன்காரர் சங்கம் எல்லாம் ஒரே குரலில் அழுதன. எங்கள் பிழைப்புப் போச்சு, தேசத்தின் தங்கமெல்லாம் இந்தியாவுக்குப் போச்சு, மகாராஜா காப்பாற்ற வேண்டும். மகாராஜா காப்பாற்றினார். யாரிடமிருந்து? மலிவாக நல்ல துணி வாங்க நினைத்த தன் குடிமக்களிடமிருந்து.

இதில் ஒரு வேடிக்கை. அந்தத் துணியைப் பிரான்சுக்கு ஏற்றி வந்தது ராஜாவின் சொந்தக் கம்பெனி. 1664-இல் மந்திரி கோல்பேர் தொடங்கிய கிழக்கிந்தியக் கம்பெனி. அதில் ராஜாவே பணம் போட்டிருந்தார், பிரபுக்களையும் முறைத்துப் பார்த்துப் போட வைத்தார். இந்தக் கம்பெனிக்காகத்தான் பிரான்சுவா மார்த்தேன் புதுச்சேரியில் உட்கார்ந்து கணக்கெழுதிக்கொண்டிருந்தார். கடை திறந்தவரும் ராஜா, கடையில் நன்றாக விற்ற சரக்கைத் தடுத்தவரும் ராஜா. பிறகு ஒரு சலுகை கொடுத்தார்கள்: பிரெஞ்சு மண்ணில் இறக்கி ஏலம் விடலாம், ஆனால் வாங்கியவர் வெளிநாட்டுக்கு எடுத்துப் போய்விட வேண்டும். துணி துறைமுகம் வழியாக ராஜமரியாதையோடு வெளியே போயிற்று. இரவில் மலை வழியாக உள்ளே வந்தது.

கோல்பேரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் போனால் பாவம். அவர் 1683-இலேயே இறந்துவிட்டார், தடை அவருக்குப் பின்னால் வந்தது. ஆனால் விதை அவர் போட்டது. கம்பளிக்குச் சாயம் போடுவது எப்படி என்று 1671-இல் 317 பிரிவுகளில் விதி எழுதியவர். திஜோன் ஊர்த் துணியில் பாவு நூல் 1,408 இழை இருக்க வேண்டும், 1,407 ஆகாது. விதி தவறி நெய்தால் துணியை ஒன்பது அடிக் கம்பத்தில் நெசவாளர் பெயரோடு தொங்கவிடுவார்கள். மூன்றாம் தடவை மாட்டினால் துணியோடு ஆளையும் சேர்த்து இரண்டு மணி நேரம் கட்டி வைப்பார்கள். இப்பேர்ப்பட்ட மனிதர் ஒரு நாள் வியாபாரிகளைக் கூட்டி, உங்களுக்கு நான் என்ன செய்யட்டும் என்று உருகிக் கேட்டாராம். லெழாந்த்ர் என்ற வியாபாரி எழுந்து, எங்களை எங்கள் போக்கில் விட்டுவிடுங்கள் ஐயா, அது போதும் என்றாராம். கதைதான். ஆனால் வரி கட்டியவர் எவரும் இதைக் கதை என்று சந்தேகப்பட்டதாகத் தெரியவில்லை.

தடை வந்தபின் அதை அமல் செய்ய வேண்டுமே. பெண்கள் உடுத்தியிருப்பது என்ன என்று ஆராய்வதை அரசாங்க உத்தியோகமாக்கினார்கள். நல்ல சம்பளம். வீதியில் நிறுத்திப் பார்த்தார்கள், வண்டிக்குள் எட்டிப் பார்த்தார்கள். வெள்ளைத் தரையில் சிவப்புப் பூப்போட்ட ரவிக்கையோடு தன் வீட்டு ஜன்னலோரம் நின்ற பெண்ணின் பெயர்கூட அதிகாரியின் குறிப்பேட்டில் ஏறியது, அபராதச் சீட்டு வீடு தேடிப் போயிற்று. புதுப்புது ஆணைகள் வந்துகொண்டே இருந்தன. ஒரு சட்டம் வேலை செய்யவில்லை என்பதற்கு, அதையே திரும்பத் திரும்பப் போடுவதைவிட வேறு சாட்சி வேண்டாம். 1726-இல் தண்டனையைக் கூட்டினார்கள். கடத்துகிறவன் துடுப்புக் கப்பலில் சங்கிலியோடு உட்கார்ந்து துடுப்பு வலிக்க வேண்டும், விடாமல் செய்கிறவனுக்கு மரணம். துணிக்காக.

அப்போது வெர்சாயில் என்ன நடந்துகொண்டிருந்தது? சட்டம் போட்ட ராஜாவின் கொள்ளுப்பேரன் பதினைந்தாம் லூயி சிம்மாசனத்தில். அவருடைய ஆசைநாயகி மதாம் ட பொம்பதூர், பெல்வ்யூ மாளிகையைத் திரையிலிருந்து நாற்காலி உறை வரை தடை செய்யப்பட்ட பூத்துணியால் அலங்கரித்திருந்தார். ராஜா அந்த நாற்காலியில்தான் உட்கார வேண்டும். தன் சட்டத்தின் மேலேயே உட்கார்ந்த மன்னர்கள் சரித்திரத்தில் பலர் உண்டு. இவ்வளவு மெத்தென்று உட்கார்ந்தவர் இவர் ஒருவர்தான். சோதனை அதிகாரி அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

இன்னொரு கூத்து. தடைக்கு முந்தைய வருஷம், 1685-இல், லூயி புராட்டஸ்டண்ட் மதத்தவருக்கு இருந்த பாதுகாப்பை ரத்து செய்தார். பல்லாயிரக்கணக்கில் அவர்கள் நாட்டை விட்டு ஓடினார்கள். துணி அச்சடிக்கத் தெரிந்தவர்களில் பலர் அவர்களே. தொழிலும் போச்சு, ஊரும் போச்சு என்று ஜெனிவாவுக்கும் நொய்ஷாத்தலுக்கும் லண்டனுக்கும் போய்ப் பட்டறை போட்டார்கள். அங்கே அச்சான துணி சுவிஸ் மலைத்தொடரைத் தாண்டிப் பிரான்சுக்குள் வந்தது. 1746-இல் முலூஸ் நகரத்தில் கெக்லின், ஷ்மால்ட்சர், தொல்ஃபூஸ் என்று மூன்று பேர் கூடி அச்சகம் தொடங்கினார்கள். முலூஸ் அப்போது பிரான்சின் ஒரு பகுதி அல்ல, சுவிஸ்காரர்களோடு சேர்ந்த தனிக் குடியரசு. அதனாலேயே அங்கே தொழில் கொழித்தது. சுவிட்சர்லாந்தின் தொழில் வளர்ச்சிக்கு உதவியவர்கள் பட்டியல் போட்டால் பதினான்காம் லூயி பெயரை மேலே எழுதுவதே நியாயம்.

புதுச்சேரியில் நடந்ததைக் கேளுங்கள். உள்நாட்டில் அச்சடித்தால் கட்டையை உடைக்கும் அதே அரசாங்கத்தின் கப்பல் அதிகாரி பொலியு, 1730-களில் புதுச்சேரிச் சாயக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு கட்டத்திலும் துணியில் ஒரு துண்டு வெட்டி எடுத்துக் குறிப்பெழுதினார். பாரிஸில் இருந்த ரசாயன அறிஞர் துஃபேக்காக. 1742-இல் கேர்தூ என்ற ஏசு சபைப் பாதிரியார், மதம் மாறிய சாயக்காரர்களிடம் பேச்சுக் கொடுத்து முழுச் செய்முறையையும் கடிதமாக எழுதி அனுப்பினார். சமஸ்கிருதத்துக்கும் லத்தீனுக்கும் உறவு இருக்கிறது என்று முன்கூட்டியே கவனித்தவர்களில் இவரும் ஒருவர்; கெட்டிக்காரர். பாவமன்னிப்பு கேட்க வந்தவர்களிடம் படிகாரத்தின் அளவு கேட்டாரா என்று தெரியவில்லை, ஆனால் அந்தக் கடிதம் அச்சாகி ஐரோப்பா முழுக்கப் போயிற்று. செய்யக் கூடாத தொழிலின் ரகசியத்தை அவ்வளவு சிரத்தையாகத் திருடுவானேன்? அரசாங்கத்தில் வலது கை எழுதும் தடையை இடது கை படித்திருக்க வேண்டும் என்று விதி இல்லை.

இந்தச் சட்டத்தின் தலைசிறந்த மாணவன் லூயி மான்ட்ரேன். 1725-இல் தொஃபினே மாகாணத்தில் நல்ல வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவன். இத்தாலியில் இருந்த பிரெஞ்சுப் படைக்குக் கோவேறு கழுதைகள் சப்ளை செய்ய ஒப்பந்தம் எடுத்தான். யுத்தம் முடிந்தது, கழுதைகளில் பெரும்பாலானவை செத்தன, பணம் வரவில்லை. தம்பி கள்ள நாணய வழக்கில் தூக்கில் தொங்கினான். மான்ட்ரேன் கடத்தலில் இறங்கினான். புகையிலை, சீட்டித் துணி என்று எதெல்லாம் ராஜா வேண்டாம் என்றாரோ அதெல்லாம்.

அவனுடைய எதிரி ராஜாகூட அல்ல, வரிக் குத்தகைக்காரர்கள். பிரான்சில் உப்பு வரி, புகையிலை, சுங்கம் எல்லாவற்றையும் வசூலிக்கும் உரிமையை அரசாங்கம் ஒரு பணக்காரக் கூட்டத்துக்குக் குத்தகைக்கு விட்டிருந்தது. அவர்களிடம் சொந்தப் படை இருந்தது. மேலும், வாலான்ஸ் நகரத்தில் கடத்தல்காரர்களை விசாரிக்க 1733-இல் அமைந்த தனி நீதிமன்றத்துக்குச் செலவையும் இவர்களே பார்த்துக்கொண்டார்கள். வாதியே நீதிபதிக்குச் சம்பளம் கொடுத்தால் தீர்ப்பு தாமதமாகாது.

மான்ட்ரேன் செய்த காரியத்தை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வரும். 1754-இல் ரோடெஸ் போன்ற ஊர்களுக்குள் ஆயுதம் தாங்கிய ஆட்களோடு பகலிலேயே நுழைவான். நேராகக் குத்தகைக்காரர்களின் புகையிலைக் கிட்டங்கிக்குப் போவான். அங்கிருந்து எதையும் எடுக்க மாட்டான். தன் கடத்தல் புகையிலையை இறக்கி, இதை வாங்கிக்கொள் என்பான். துப்பாக்கி முனையில் கிட்டங்கி அதிகாரி பணத்தை எண்ணி வைப்பார். மான்ட்ரேன் ரசீது கொடுத்துவிட்டுப் போவான். கொள்ளையடித்தால்தானே குற்றம்? மிச்சச் சரக்கைச் சந்தையில் ஜனங்களுக்கு மலிவாக விற்பான். ஜனங்கள் அவனைக் கொண்டாடினார்கள். சட்டம் யாரைத் திருடன் என்கிறதோ அவனையே ஊர் வள்ளல் என்று சொல்லத் தொடங்கினால், அரசாங்கம் ஒரு நிமிஷம் தன் சட்டத்தைப் புரட்டிப் பார்ப்பது நல்லது.

பார்க்கவில்லை. 1755 மே மாதம் பிரெஞ்சுச் சிப்பாய்கள் குடியானவர் வேஷத்தில் எல்லை தாண்டி, சார்டினியா ராஜாவின் ஆளுகையில் இருந்த சவோய்க்குள் புகுந்து மான்ட்ரேனைத் தூக்கி வந்தார்கள். சரக்கு எல்லை தாண்டக் கூடாது, படை தாண்டலாம். சார்டினியா ராஜா குதித்தார், ஆளைத் திருப்பிக் கொடு என்றார். பதில் போய்ச் சேருவதற்குள் வாலான்ஸ் நீதிமன்றம் விரைந்து வேலை செய்தது. மே 26-ஆம் தேதி மான்ட்ரேனைச் சக்கரத்தில் கட்டி எலும்பை முறித்துக் கொன்றார்கள். வயது 30. அப்புறம் பதினைந்தாம் லூயி தூதர் அனுப்பிச் சார்டினியாவிடம் மன்னிப்புக் கேட்டார். மான்ட்ரேனிடம் கேட்க முடியவில்லை.

கடலுக்கு அந்தப் பக்கம் இங்கிலாந்துக்காரர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். கம்பளி விஷயத்தில் அவர்கள் பிணத்தைக்கூட விட்டவர்கள் இல்லை. கம்பளி வியாபாரம் செழிக்க வேண்டும் என்று, செத்தவர்களைக் கம்பளித் துணியில் மட்டும்தான் புதைக்க வேண்டும் என்று 1666-இலும் பிறகு 1678, 1680-இலும் சட்டம் போட்டார்கள். எட்டு நாளுக்குள் பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டும், தவறினால் 5 பவுன் அபராதம். அதில் பாதி துப்புக் கொடுத்தவருக்கு. பணக்காரக் குடும்பங்கள் ஒரு வழி கண்டன: அப்பாவை லினனில் புதைப்பது, வீட்டு ஆளே போய்த் துப்புக் கொடுப்பது, பாதி அபராதம் வீட்டுக்கே திரும்பி வந்துவிடும். நடிகை ஆன் ஓல்ட்ஃபீல்ட் 1730-இல் இறந்தபோது பிரஸ்ஸல்ஸ் லேஸ் அணிந்தே வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்துக்குள் போனார். செத்த பிறகும் கம்பளி குத்தும் என்று பயந்தாரோ என்னவோ. இந்தச் சட்டம் 1814 வரை புத்தகத்தில் இருந்தது. வாடிக்கையாளர் உயிரோடு இருக்க வேண்டும் என்ற நிபந்தனையைக்கூட விட்டுவிட்டுத் தொழிலைப் பாதுகாத்த தேசம் அது.

அவர்களும் 1700-இல் இந்தியாவின் அச்சடித்த துணிக்குத் தடை போட்டார்கள். ஆனால் வெள்ளைத் துணியைத் தடுக்க மறந்தார்கள், அல்லது மறந்த மாதிரி இருந்தார்கள். வெள்ளைத் துணியை வரவழைத்து லண்டனில் அச்சடித்தார்கள். புதிதாக ஒரு தொழிலே கிளம்பிவிட்டது. 1719 ஜூனில் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் நெசவாளர்கள் கொதித்துத் தெருவில் இறங்கினார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது, வேலை இல்லை, வயிறு காய்ந்தது. அவர்கள் சண்டைக்குத் தேர்ந்தெடுத்த ஆள்தான் சரியில்லை. பார்லிமெண்டையோ கம்பெனியையோ விட்டுவிட்டு, பருத்தித் துணி உடுத்திப் போகும் பெண்களைத் துரத்தினார்கள். உடையைக் கிழித்தார்கள், மையையும் அமிலத்தையும் வீசினார்கள்.

நெசவாளர்களுக்காகப் பேனா பிடித்தவர் டேனியல் டிஃபோ. அதே 1719-இல் தான் ‘ராபின்சன் குரூசோ’வும் வெளியானது. குரூசோ தீவில் ஆட்டுத்தோலை உடுத்திக்கொண்டு அலைந்ததன் உள்ளர்த்தம் எனக்கு இப்போதுதான் புரிகிறது: வெளிநாட்டுச் சரக்கு ஒன்றும் இல்லாமல் முழுக்க உள்ளூர்ப் பொருளில் வாழும் மனிதன். ஒவ்வொரு மேஜையும் தானே செய்ய வேண்டும், ஒவ்வொரு சட்டியும் தானே சுட வேண்டும். இறக்குமதி சுத்தமாக நின்றுபோன பொருளாதாரத்துக்கு அதைவிட நல்ல வர்ணனை யாரும் எழுதவில்லை. அந்த மனிதனே கரையொதுங்கிய கப்பலிலிருந்து சாமான்களை இறக்குமதி செய்துகொண்ட பிறகுதான் பிழைத்தான் என்பதை டிஃபோ மறந்துவிட்டார்.

1721-இல் இரண்டாவது சட்டம் வந்தது. அச்சுப் பருத்தித் துணி உடுத்தினால் 5 பவுன், விற்றால் 20 பவுன். அப்போதும் ஓட்டைகள். நீலச்சாயத் துணிக்கு விலக்கு, மஸ்லினுக்கு விலக்கு, பருத்தியும் லினனும் கலந்த மான்செஸ்டர் துணிக்கு விலக்கு. ஏற்றுமதிக்கு அச்சடிக்கலாம். மான்செஸ்டர்க் கலப்புத் துணிக்கும் தடை செய்த துணிக்கும் வித்தியாசம் காண்பது துப்பு சொல்பவர்களுக்கே முடியாமல், வழக்கு மேல் வழக்காகி, 1736-இல் தனிச் சட்டம் போட்டு அதை அனுமதித்தார்கள். 1774-இல் ஆர்க்ரைட் கேட்டு வாங்கிய சட்டம் முழுப் பருத்தியையும் அனுமதித்தது, கரையில் மூன்று நீல நூல் ஓட வேண்டும் என்ற நிபந்தனையோடு. நீல நூல் எதற்கு? ஏதாவது ஒரு நிபந்தனை இல்லாமல் ஒன்றை அனுமதிப்பது அதிகாரிகளுக்குக் கௌரவக் குறைச்சல்.

இங்கே யாராவது கை தூக்கி, பார்த்தீர்களா, இந்தியத் துணியைத் தடுத்ததால்தானே மான்செஸ்டர் வளர்ந்தது என்பார்கள். நல்ல கேள்வி, பெரிய அறிஞர்களே கேட்கிறார்கள். எனக்குப் பதில் சொல்வது பிரான்ஸ். அங்கே இதைவிடக் கடுமையான தடை. ஓட்டை குறைவு, துடுப்புத் தண்டனை, சக்கரம், தூக்கு எல்லாம் உண்டு. மான்செஸ்டர் எங்கே? தடைதான் தொழிலை வளர்க்கும் என்றால் பிரான்ஸ் இங்கிலாந்தை முந்தியிருக்க வேண்டும். இங்கிலாந்தில் வளர்ந்தது சட்டம் விட்டுவைத்த சந்துபொந்துகளில் வளர்ந்தது. ஓட்டையுள்ள சட்டம் தந்த இங்கிலாந்து பார்லிமெண்டின் சோம்பேறித்தனத்துக்கு மான்செஸ்டரில் ஒரு சிலை வைத்திருக்கலாம்.

அதற்காக ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியைத் தடையற்ற வாணிபத்தின் தியாகி என்று நினைத்து யாரும் கண் கலங்க வேண்டாம். துணியைத் தடுக்காதே, வாணிபம் சுதந்திரமாக ஓடட்டும் என்று லண்டனில் அழகாகப் பேசியவர்கள், இந்தியாவோடு வியாபாரம் செய்யும் உரிமை தங்களுக்கு மட்டும் என்று ராஜ சாசனம் வைத்திருந்தவர்கள். சுதந்திரம் கம்பெனிக்கு, மற்றவருக்கு அபராதம். சாசனம் பறிபோகாமல் இருக்க அவர்கள் இறைத்த லஞ்சம் 1695-இல் அம்பலமானது. கம்பெனித் தலைவராக இருந்த தாமஸ் குக் கோட்டைச் சிறைக்குப் போனார். லீட்ஸ் கோமான் 5,500 கினி வாங்கினார் என்று குற்றச்சாட்டு. முக்கிய சாட்சியான வேலைக்காரர் கப்பலேறி மறைந்துவிட, வழக்கும் ஆவியாகிப் போயிற்று.

சென்னைக்காரர்கள் இந்தக் கம்பெனிக்கு ஒரு விதத்தில் கடன்பட்டவர்கள். 1639-இல் பிரான்சிஸ் டே இந்த மணல்மேட்டைத் தேர்ந்தெடுத்ததற்குச் சொன்ன காரணம், இங்கே துணி மற்ற இடங்களைவிட மலிவு. சாந்தோமில் அவருக்கு ஒரு சிநேகிதி இருந்ததே நிஜக் காரணம் என்று வம்பு பேசுவோரும் உண்டு. எதுவானாலும் நகரம் துணியால் பிறந்தது. 1734-இல் நெசவாளர்களுக்கென்றே சிந்தாதிரிப்பேட்டையை அமைத்தார்கள். பின்னாளில் கையில் அதிகாரம் கூடக் கூட, முன்பணம் கொடுத்து நெசவாளரைக் கட்டிப்போட்டு, வேறு எவனுக்கும் விற்கக் கூடாது என்று ஆள் வைத்துக் காவல் காத்ததும் இதே கம்பெனி. துப்பாக்கியோடு வந்து நான் சொல்லும் விலைக்குக் கொடு என்பவன் எந்தச் சந்தையிலும் வியாபாரி ஆகமாட்டான்.

அந்தச் சாசனத்தை மதிக்காமல் திருட்டுத்தனமாக வியாபாரம் செய்த தாமஸ் பிட்டைக் கம்பெனி பிடித்து அபராதம் போட்டது. அப்புறம் என்ன தோன்றிற்றோ, 1698-இல் அவரையே சென்னைக் கோட்டையின் கவர்னராக அனுப்பிவிட்டது. பிட் சென்னையில் ஒரு பெரிய கோல்கொண்டா வைரத்தை வாங்கினார். அதை 1717-இல் பிரான்சை ஆண்ட ஓர்லேயான் கோமானிடம் விற்றார். பிரெஞ்சுக் கிரீடத்தில் ஏறியது. இந்தியாவிலிருந்து பூப்போட்ட பாவாடை வந்தால் தேசத்தின் தங்கம் போய்விடும். முட்டை மாதிரி ஒரு வைரம் வந்தால் போகாது. கணக்கில் கெட்டி.

பிரான்சில் ஒருவருக்காவது மூளை இருந்ததா? இருந்தது. வான்சான் ட கூர்னே. ஸ்பெயினின் காடிஸ் துறைமுகத்தில் பதினைந்து வருஷம் வியாபாரம் செய்து, கடலையும் சுங்கத்தையும் கண்ணால் பார்த்துவிட்டு 1751-இல் வாணிப அதிகாரியானவர். வியாபாரம் தெரிந்த ஒருவர் வாணிப அதிகாரியானது அந்த அரசாங்கத்தின் கவனப்பிசகு. செய்ய விடுங்கள், போக விடுங்கள் என்ற கோஷத்தை அவரோடு சேர்த்துத்தான் சொல்வார்கள். மேஜைகள் ஆட்சி செய்யும் வியாதிக்கு ‘பியூரோகிரசி’ என்று கிண்டலாகப் பேர் வைத்ததும் அவரே என்கிறார்கள். அரசாங்க நாற்காலியில் உட்கார்ந்தபடி அந்தப் பேரை வைத்தார் என்பதால் அவர்மேல் எனக்கு ஒரு தனிப் பிரியம். கடத்தலை உண்டாக்குவது கடத்தல்காரன் அல்ல, தடைதான் என்று சலிக்காமல் எழுதினார். 1758-இல் மொர்லே என்ற பாதிரியார் ஒரு சிறு நூல் போட்டார்: பருத்தித் துணியை எல்லோரும் நெய்யட்டும், அச்சடிக்கட்டும், உடுத்தட்டும். சக குடிமக்களைத் துடுப்புக் கப்பலுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கும் மதிப்பிற்குரிய சங்கங்களைப் பார்த்து, இதென்ன விபரீதம் என்றும் கேட்டார்.

சங்கங்கள் பதிலுக்கு ஒப்பாரி வைத்தன. லியோன் பட்டு அழியும், ரூவான் அழியும், தேசமே அழியும். 1759 செப்டம்பர் 5 அன்று தடை நீங்கியது. கூர்னே அதைப் பார்க்கவில்லை, ஜூனில் இறந்துவிட்டார். தேசம் அழியவில்லை. லியோன் பட்டு பிறகும் நெய்தது. அங்கேதான் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜாகார்ட் தன் தறியை ஓட்டினார்.

தடை நீங்கிய மறு வருஷம், 21 வயது ஜெர்மன் இளைஞன் கிறிஸ்டோஃப் ஓபர்காம்ஃப், வெர்சாய் அரண்மனைக்குப் பக்கத்திலேயே ஜூயி கிராமத்தில் ஒரு சின்ன வீட்டில் துணி அச்சடிக்கத் தொடங்கினான். முலூஸில் தொழில் பார்த்தவன். ஆற்றுத் தண்ணீர், நாலு கட்டை, பருத்தித் துணி. எதற்காக முந்தைய வருஷம் வரை ஆளைச் சிறை வைத்தார்களோ அதே வேலை. 1783-இல் அந்தப் பட்டறை ராஜாங்கத் தொழிற்சாலை. 1787-இல் பதினாறாம் லூயி ஓபர்காம்ஃபைப் பிரபுவாக்கினார். 1806-இல் நெப்போலியன் மார்பில் பதக்கம் குத்தினார். கொள்ளுத்தாத்தாவுக்குத் தாத்தா கட்டையை உடைக்கச் சொன்ன தொழிலுக்குப் பேரப்பிள்ளை பட்டம் கொடுத்தார். நடுவில் செத்தவர்களுக்கு யாரும் தந்தி அடிக்கவில்லை.

வரிக் குத்தகைக்காரர்கள் மட்டும் பாடம் படிக்கவில்லை. பாரிஸுக்குள் வரும் சாராயத்துக்கும் விறகுக்கும் சுங்கம் தப்பிவிடுகிறதே என்று, 1780-களில் நகரத்தைச் சுற்றி ஒரு மதில் கட்டினார்கள். யோசனை கொடுத்தவர் ரசாயன மேதை லவாய்சியே. குத்தகைக் கூட்டத்தில் அவரும் ஒருவர். வாசல்களில் கட்டிடக் கலைஞர் லெதூ கிரேக்கக் கோயில் போலச் சுங்கச் சாவடிகள் எழுப்பினார், வரி கட்டுவது புண்ணியக் காரியம் ஆயிற்றே. 1789 ஜூலையில் ஜனங்கள் பாஸ்டீல் சிறையை உடைத்ததை எல்லாப் புத்தகமும் சொல்லும். உள்ளே இருந்த கைதிகள் ஏழே பேர். அதற்கு ஓரிரு நாள் முன்பே அதே ஜனங்கள் சுங்கச் சாவடிகளில் பெரும்பாலானவற்றைக் கொளுத்திவிட்டார்கள், அன்றைக்கு ஒயின் வரியில்லாமல் ஊருக்குள் ஓடியது. 1794 மே 8 அன்று குத்தகைக்காரர்கள் வரிசையாகக் கில்லட்டினுக்குப் போனார்கள், லவாய்சியேயும்.

புரட்சி அரசாங்கம் 1791-இல் நகரச் சுங்கத்தை ஒழித்தது. 1798-இல் கஜானா காலி என்று அதே சுங்கத்தை அதே வாசல்களில் திரும்ப உட்கார வைத்தது. இந்த முறை அதற்கு ‘நகராட்சி மற்றும் தர்மச் சுங்கம்’ என்று பெயர்.